சும்மா இருக்கும் பிள்ளைகளை எண்ணுவது எப்படி

தேசிய இளைஞர் கொள்கையின்படி என் இளமை 29 வயதோடு முடிந்தது. வேலைவாய்ப்பு அலுவலகக் கணக்கில் இன்னும் கொஞ்சம் இழுத்தது. வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு வயது வரம்பு 40 (பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 45). இப்போது எனக்கு 46. கலைக் கல்லூரி ஒன்றில் சமூகவியல் நடத்தும் கௌரவ விரிவுரையாளர். சம்பளம் வருடத்துக்கு 11 மாதம், கௌரவம் மட்டும் 12 மாதமும் உண்டு. "முதல்ல வேலை நிரந்தரமாகட்டும்" என்ற பேச்சு எங்கள் வீட்டுக் கூடத்தில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறது. அதனால் இளைஞர் என்றால் யார் என்ற கேள்வியை என்னால் வெறும் ஐந்து மதிப்பெண் கேள்வியாகப் பார்க்க முடிவதில்லை.

வருடா வருடம் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தென்காசி மாவட்டத்து ஆலங்குளம் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போகிறேன். நான்கு சனி, ஞாயிறு. அந்த ஊரின் இளைஞர் கணக்கை எடுத்து, ஒரே பக்கமாக எழுதி, கிராம சபையில் வைப்போம். இதற்குப் பட்டம் வேண்டாம், நிதி வேண்டாம். நூலக வாசகர் வட்டம், பள்ளி ஆசிரியர், வார்டு உறுப்பினர் என்று யாரும் செய்யலாம். நாங்கள் செய்யும் விதத்தையும், சறுக்கிய இடங்களையும் சொல்கிறேன்.

வயதை எழுதுங்கள், அதை முழுதாக நம்பாதீர்கள்

முதல் நாள் மாலை நோட்டின் முதல் பக்கத்தில் எத்தனை விதமான 'இளைஞர் வயது' இருக்கிறது என்று எழுதச் சொல்வேன். பக்கம் சீக்கிரம் நிறைந்துவிடும். 1985-ஐ சர்வதேச இளைஞர் ஆண்டாகக் கொண்டாடிய ஐ.நா.வுக்கு 15 முதல் 24. இந்தியாவின் முதல் தேசிய இளைஞர் கொள்கை 1988-இல் வந்தது. 2003-இல் வந்த இரண்டாவது கொள்கை 13 முதல் 35 வரை வலையை அகல விரித்தது. 2014 கொள்கை அதை 15 முதல் 29 என்று சுருக்கியது. அன்றைக்கு ஒரே கையெழுத்தில் முப்பதைத் தாண்டியவர்கள் எல்லோரும் பெரியவர்களாகிவிட்டார்கள், 13, 14 வயதுக்காரர்கள் மறுபடி குழந்தைகளாகிவிட்டார்கள். ஓட்டுப் போட 18. 1989-இல் 61-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வரும்வரை அதுவும் 21. ஊராட்சித் தேர்தலில் நிற்க 21, சட்டமன்றத்துக்கு 25. கல்யாணத்துக்குப் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21.

அடுத்து ஊரின் கணக்கு. எங்கள் பக்கத்தில் கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். கல்யாணமான ஆண்தான் ஒரு தலைக்கட்டு. 36 வயதில் சென்னையில் நல்ல சம்பளம் வாங்கினாலும் கல்யாணம் ஆகாவிட்டால் அவன் இளவட்டம்தான். 22-இல் தாலி கட்டியவன் வரிக்காரன், கூட்டத்தில் வாய் திறக்கலாம். பெண் எந்த வயதிலும் தலைக்கட்டு ஆவதில்லை. சில ஊர்களில் புருஷனை இழந்தவளுக்கு மட்டும் அரை வரி. சாவடிப் பக்கம் மண்ணில் பாதி புதைந்து கிடக்கும் இளவட்டக் கல்லைக் காட்டி ஒரு தாத்தா சொன்னார்: "இதத் தூக்குனவனுக்குத்தான் பொண்ணு. இப்ப யாரு தூக்குறா? கவர்மென்டு பரிச்சைதான் இப்ப கல்லு."

பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1978-இல் ஒரு பேட்டியில், இளமை என்பது வெறும் ஒரு சொல் என்றார். எங்கே கோடு போடுவது என்பதே அதிகாரச் சண்டை என்பது அவர் சொன்னதன் சாரம். மாணவர்களுக்கு அது புரிய நான் பூர்தியூவை நடத்துவதில்லை, வரி நோட்டைக் காட்டுகிறேன்.

உங்கள் கணக்குக்கு 15 முதல் 29 வரை வைத்துக்கொள்ளுங்கள், அரசின் எண்களோடு ஒப்பிட அது உதவும். கூடவே 'ஊர் என்ன சொல்கிறது' என்று ஒரு கட்டம் போடுங்கள். கல்யாணமான 19 வயதுப் பெண்ணை ஊரில் யாரும் இளைஞர் என்று சொல்லமாட்டார்கள். கொள்கைப்படி அவள் இளைஞர். 34 வயதுக் கல்யாணமாகாத மாமாவைக் கொள்கை கைவிட்டுவிட்டது, ஊர் விடவில்லை. இந்த இரண்டு கட்டமும் எங்கெல்லாம் ஒத்துப்போகவில்லையோ அங்கேதான் நீங்கள் அதிக நேரம் உட்கார வேண்டும்.

எங்கே போய்ப் பார்ப்பது

முதல் வருடம் நாங்கள் நேராக டீக்கடைக்குப் போனோம். அடுத்து பஸ் ஸ்டாப், கிரிக்கெட் மைதானம், கிளை நூலகம். அறுபது பேர் கிடைத்தார்கள், மகிழ்ச்சியாகத் திரும்பினோம். பஸ்ஸில் வரும்போது ஒரு மாணவி கேட்டாள், "மேம், இதுல பொம்பளப் பிள்ளைக எத்தன பேரு?" எண்ணிப் பார்த்தால் நான்கு. அந்த நான்கு பேரும் நூலகத்தில் குரூப் 4-க்குப் படித்துக்கொண்டிருந்தவர்கள். சமூகவியல் பாடம் எடுக்கிறவளுக்கு இது பெரிய அவமானம். இளைஞர் பண்பாடு பற்றிய பழைய பிரிட்டிஷ் ஆய்வுகளையும் 1970-களிலேயே பெண் ஆய்வாளர்கள் இதே கேள்வி கேட்டுத்தான் மடக்கினார்கள்: தெருமுனையில் நிற்கிற பையன்களை மட்டும் பார்த்துவிட்டு இளைஞர் என்கிறீர்களே, பெண் பிள்ளைகள் எங்கே?

இப்போது திண்ணையில் தொடங்குகிறோம். காலை 10 மணிக்கு மேல் போனால் சுளவை, அதாவது முறத்தை, மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறவர்களைப் பார்க்கலாம். சாயங்காலம் கல்லூரிப் பஸ் வரும் நேரம் இரண்டாவது. விடியற்காலையில் ஆட்டோ, வேன் பிடித்து வெளிவேலைக்குப் போகும் கும்பல் மூன்றாவது. ஊரிலேயே இல்லாதவர்களையும் விடாதீர்கள். திருப்பூர், சென்னை, கேரளா, வளைகுடா என்று போனவர்களை வீட்டில் கேட்டு எழுதுங்கள். டீக்கடை கடைசியில் போதும், அங்கே இருப்பவர்கள் எங்கேயும் ஓடிவிட மாட்டார்கள்.

கேட்காமலே படிக்கக் கிடைப்பது பிளக்ஸ். கொடைக்கும் கல்யாணத்துக்கும் வைக்கிற பேனரில் வரிசையாக இளவட்டங்களின் முகம் இருக்கும். போட்டோ எடுத்து வந்து பொறுமையாகப் படியுங்கள். பெயருக்குப் பின்னால் பி.இ., டி.எம்.இ. என்று படிப்பு போட்டிருக்கும். வேலை போட்டிருக்கிறதா? எங்கள் ஊர் பேனர் ஒன்றில் 31 முகம், 19 படிப்பு, வேலை என்று நான்கு பேருக்குத்தான் இருந்தது. அதில் இரண்டு பேர் ராணுவம். பெண் பிள்ளைகள் முகம் பிளக்ஸில் ஏறுவது பூப்புச் சடங்குக்கும் கல்யாணத்துக்கும்தான். நண்பர்கள் குழுவாக ஒருத்தியும் ஏறி நான் பார்க்கவில்லை. கண்ணாடி போட்டிருக்கும் தினுசு, பின்னணியில் வைத்திருக்கும் தலைவர் படம், ஓரத்து நிறம் எல்லாம் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடும். யாரிடமும் சாதியைக் கேட்கவேண்டிய தேவையே வராது.

'என்ன வேலை?' என்று கேட்காதீர்கள்

என் அனுபவத்தில் இதுதான் முக்கியமான இடம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

17 வயதுப் பிள்ளை ஒருத்தி. பன்னிரண்டாவதோடு நின்றுவிட்டாள். "என்ன செய்துகொண்டிருக்கிறாய்?" என்று என் மாணவன் புத்தகத் தமிழில் கேட்டான். "சும்மாதான் இருக்கேன்" என்றாள். சொல்லும்போது அவள் கை நிற்கவில்லை. இலையை எடுத்து, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, தலையை மடக்கிச் சுளவில் போட்டுக்கொண்டே சொன்னாள். இவனும் 'சும்மா' என்று எழுதிக்கொண்டான்! பீடிக்கடைக் கணக்கு அட்டை அம்மா பெயரில் இருக்கிறது. அம்மா கணக்கில் ஏறும் ஆயிரம் பீடியில் பாதி இவள் சுற்றியது. அட்டையில் பெயர் இல்லாததால் அவளுக்கே அது வேலையாகத் தெரியவில்லை.

இது சின்ன ஊர்ச் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். 2017 முதல் மத்திய அரசு நடத்தும் பி.எல்.எஃப்.எஸ். என்ற தொழிலாளர் கணக்கெடுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீட்டு எண் விழும். படித்துக்கொண்டிருந்தால் 91, வேலை தேடினால் 81, வீட்டு வேலை மட்டும் என்றால் 92. குடும்பத் தொழிலில் சம்பளமில்லாத உதவியாளுக்கு 21. இந்தப் பிள்ளைக்கு விழ வேண்டியது 21. 'சும்மா' என்ற பதிலை அப்படியே வாங்கிக்கொண்டு போனால் விழுவது 92. அங்கிருந்து அவள் 'நீட்' என்ற கட்டத்துக்குள் போய்விடுவாள்.

நீட் என்றதும் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் ரத்தம் கொதிக்கும். இது வேறு நீட். படிப்பிலும் இல்லை, வேலையிலும் இல்லை, பயிற்சியிலும் இல்லை என்ற பிரிவுக்கு பிரிட்டனில் 1999-இல் வந்த அரசு அறிக்கை ஒன்றின் மூலம் பரவலான பெயர். அங்கே 16 முதல் 18 வயது வரை பள்ளியை விட்டுத் தெருவில் நிற்கும் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்தது. நம் ஊருக்கு அதைக் கொண்டுவந்தபோது உள்ளே போய் விழுந்தவர்களில் பெரும்பான்மை பெண்கள், அடுப்படியிலும் திண்ணையிலும் இருப்பவர்கள். அந்தச் சட்டையை அங்கே ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்தார்கள், இங்கே வேறொருவருக்குப் போட்டுவிட்டார்கள்.

அதனால் இப்படிக் கேளுங்கள்: "நேத்து காலைல எத்தன மணிக்கு எந்திரிச்ச? அதுக்கப்புறம்?" அரை மணிக்கு ஒரு கட்டமாக நாள் முழுதும் எழுதுங்கள். 2019-இல் இந்தியாவில் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வும் இதே முறைதான். முந்தைய நாள் காலை 4 மணியிலிருந்து இன்று காலை 4 மணி வரை, அரை மணி அரை மணியாக. நேற்றைய நாளைக் கேட்டால் பொய் சொல்ல யாருக்கும் தோன்றாது. 'சும்மா' இருந்த அந்தப் பிள்ளையின் நேற்றில் ஏழரை மணி நேரம் பீடி இருந்தது.

சில கட்டுப்பாடுகள். 18 வயதுக்குக் கீழே என்றால் அம்மாவோ அப்பாவோ சரி என்று சொன்ன பிறகுதான் பேச்சு. நோட்டில் பெயர் எழுதக்கூடாது, வீட்டுக்கு ஓர் எண் போதும். தெருப் பெயரையும் எழுதாதீர்கள், எங்கள் ஊர்களில் தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. பெண் பிள்ளைகளோடு பேச மாணவிகளை அனுப்புங்கள். அண்ணன் பக்கத்தில் நின்றால் அன்றைக்குப் பேசவேண்டாம், சுளவை வாங்கிக் கொஞ்சம் இலை வெட்டிக் கொடுத்துவிட்டு மறுநாள் போகலாம். என் மாணவிகளில் இரண்டு பேர் பீடிக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்கள் வெட்டுகிற வேகத்தைப் பார்த்துத்தான் அந்த வீடுகளில் எங்களுக்குக் கதவு திறந்தது.

எதற்காகக் காத்திருக்கிறாய்?

கடைசிக் கேள்வி இதுதான். இதற்குக் கட்டம் போடாமல் வெறும் தாளை விடுங்கள்.

"குரூப் 4 ரிசல்ட்டுக்கு." "போலீஸ் செலக்‌ஷனுக்கு, உயரம் அரை சென்டிமீட்டர் பத்தாது, தொங்கிக்கிட்டு இருக்கேன்." "விசாவுக்கு." "அக்கா கல்யாணம் முடியட்டும்." "அண்ணன் கல்யாணம் முடியட்டும்." "ஒண்ணுக்கும் இல்ல மேம், நீங்க எதுக்குக் காத்திருக்கீங்க?" கடைசியாகச் சொன்ன பையனுக்கு நான் என் நிரந்தரப் பணியிடக் கதையைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் ஒரு மணி நேரம் பேசினான்.

படித்துவிட்டு வேலையில்லாத பையன்கள் நேரம் கழிப்பதைப் பற்றி கிரெய்க் ஜெஃப்ரி என்ற புவியியலாளர் மீரட்டில் ஆய்வு செய்தார். சும்மா நிற்பதுபோல் தெரிகிற இடத்திலேயே அரசியலும் சிநேகமும் தொடர்புகளும் உண்டாகின்றன என்பதை அவர் கவனித்தார். எங்கள் டீக்கடையிலும் அது உண்டு. யாருக்கு ரத்தம் வேண்டும், எந்த கான்ட்ராக்டர் ஆள் எடுக்கிறார், எந்தத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பம் என்பதெல்லாம் அங்கேதான் ஓடும். திண்ணையில் காத்திருக்கிற பெண் பிள்ளைகளுக்கு அந்தத் தகவல் இரண்டு வாரம் கழித்துத்தான் வந்து சேரும், சில சமயம் விண்ணப்பத் தேதி முடிந்த பிறகு. இதை நாங்கள் கேட்டே கண்டுபிடித்தோம்: அதே தேர்வு அறிவிப்பு உனக்கு என்றைக்குத் தெரிந்தது?

ஒரே வயது என்பதால் ஒரே தலைமுறை ஆகிவிடாது என்று சமூகவியலாளர் கார்ல் மான்ஹைம் 1928-லேயே எழுதினார். 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய பிள்ளைகளை ஒரு தலைமுறை என்று அன்று எல்லோரும் எழுதினோம், நானும் எழுதினேன். இந்த ஊரில் அன்று 20 வயதிருந்தவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். பாளையங்கோட்டைப் போராட்டத்துக்குப் போய் உட்கார்ந்தவன் ஒருவன். டிவியில் பார்த்தவள் ஒருத்தி. "அப்ப எனக்கு முத பிள்ளைக்கு மூணு மாசம்" என்று சொன்னவள் இன்னொருத்தி. வீட்டுக்கு ஒரு தலைமுறைத் தாள் போடுங்கள்: தாத்தாவுக்கு 20 வயதில் ஊரில் என்ன நடந்தது, அப்பாவுக்கு, பிள்ளைக்கு. 1965 இந்தி எதிர்ப்பைச் சொல்லும் தாத்தாக்கள் இன்னும் இருக்கிறார்கள், சீக்கிரம் போங்கள்.

கயிறு

நெல்லைச் சீமையில் இளைஞர் என்று பேசிவிட்டு, இன்ன சாதி என்று காட்டக் கையில் கட்டும் கலர் கயிறைப் பற்றிப் பேசாமல் போனால் அது நேர்மை இல்லை. 1964 ஈஸ்டர் விடுமுறையில் இங்கிலாந்தின் கிளாக்டன் கடற்கரையில் பையன்கள் செய்த கலாட்டாவைப் பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கியதை சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹன் ஆராய்ந்து, சமூகம் தன் பயத்தை எப்படி இளைஞர் தலையில் ஏற்றுகிறது என்று காட்டினார். மாணவர்களுக்கு இந்தக் கருத்து ரொம்பப் பிடிக்கும். பைக், முடிவெட்டு, ரீல்ஸ் என்று எல்லாவற்றுக்கும் பொருத்திவிடுவார்கள். முடிவெட்டுக்குப் பொருந்தும். கயிறுக்குப் பொருந்தாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் தங்கையையும் சாதிவெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள், வெட்டியவர்களும் பள்ளி மாணவர்கள். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்கவேண்டும் என்பதும் அதன் பரிந்துரைகளில் ஒன்று.

களத்தில் உங்களுக்கு ஒரு கேள்வி போதும்: இந்தக் கயிற்றை யார் வாங்கித் தந்தது? எங்களுக்குக் கிடைத்த பதில்களில் பெரும்பாலானவை அண்ணன், சித்தப்பா, கொடைக் கமிட்டி. பிள்ளைகளின் கையில் இருந்தாலும் பணம் கொடுத்தது தலைக்கட்டுகள். இதை எழுதும்போது கையைப் போட்டோ எடுக்காதீர்கள், எந்தக் காரணத்துக்கும்.

கொள்கையை எப்படிப் படிப்பது

2014 கொள்கையில் 5 குறிக்கோள், 11 முன்னுரிமைத் துறை இருக்கிறது. 15 முதல் 29 வரையிலானவர்கள் நாட்டின் மக்கள்தொகையில் 27.5 சதவீதம் என்கிறது. அதை முதலிலிருந்து கடைசிவரை படிக்கவேண்டாம், தூக்கம் வரும். ஒரு பென்சிலை எடுத்து வினைச்சொற்களை மட்டும் வட்டமிடுங்கள். இளைஞர் எங்கே செய்கிறவர், எங்கே செய்யப்படுகிறவர் என்று பிரியும். பிறகு உங்கள் நோட்டில் இருக்கும் ஒருவரை, உதாரணத்துக்கு அந்தச் சுளவுப் பிள்ளையை, ஒவ்வொரு திட்டத்தின் வாசலிலும் கொண்டுபோய் நிறுத்துங்கள். உள்ளே விடுவார்களா?

புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1000 ரூபாய். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டில். இரண்டும் நல்ல திட்டங்கள். எங்கள் வகுப்பில் பஸ் செலவுக்கும் செல்போன் ரீசார்ஜுக்கும் வீட்டில் கை நீட்டாத பிள்ளைகளை அதன் பிறகுதான் பார்க்கிறேன். புதுமைப் பெண் தொடங்கியபோது அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தவர்கள் வெளியே நின்றார்கள், எங்கள் பக்கத்தில் அந்தப் பள்ளிகள் நிறைய. பிறகு உதவிபெறும் பள்ளித் தமிழ்வழி மாணவிகளையும் சேர்த்தார்கள். வாசற்படி நகரும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் கல்லூரிக்கே போகாத பிள்ளைக்கு அந்த வாசல் இல்லை. திறன் பயிற்சி தரும் நான் முதல்வன் திட்டம்? அதன் பெரும்பகுதி கல்லூரிக்கும் பாலிடெக்னிக்குக்கும் உள்ளே இருப்பவர்களுக்கானது. வேலையில்லாதோர் உதவித்தொகை? பதிவு செய்து ஐந்து வருடம் காத்திருக்கவேண்டும், பன்னிரண்டாவது முடித்தவருக்கு மாதம் 400 ரூபாய். அவள் பதிவே செய்யவில்லை. "வேல தேடுறவங்கதான பதியணும், நாந்தான் சும்மா இருக்கேனே."

கிராம சபைக்கு

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 2022 முதல் வருடத்துக்கு ஆறு. மக்கள்தொகை 501 முதல் 3000 வரை என்றால் 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். வாக்காளர்களுக்கு மட்டும்தான் அங்கே குரல்; கொள்கை இளைஞர் என்று சொல்லும் 15, 16, 17 வயதுக்காரர்கள் வேடிக்கை பார்க்கலாம். ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992-இல் யுனிசெஃபுக்காகப் பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தார். கீழ் மூன்று படியும் பங்கேற்பே இல்லை என்றார்: கையாளுதல், அலங்காரம், பேருக்கு உட்கார வைத்தல். எங்கள் கூட்டத்தில் இளவட்டங்கள் நாற்காலி அடுக்கினார்கள், மைக் செட் கட்டினார்கள், டீ கொடுத்தார்கள். ஏணியில் இதற்கு எந்தப் படி என்று தெரியவில்லை, ஹார்ட் டீயை யோசித்திருக்க மாட்டார்.

முதல் வருடம் நான் பன்னிரண்டு பக்க அறிக்கையோடு போய் நின்றேன். தலைவர் தலையாட்டினார். தீர்மானப் புத்தகத்தில் ஏறியது: 'இளைஞர் நலன் குறித்து விவாதிக்கப்பட்டது.' அதன் பிறகு வந்தது விளையாட்டு உபகரணப் பெட்டி, அதுவும் எல்லா ஊராட்சிக்கும் வந்ததுதான். பெட்டி அலுவலகத்தில் பூட்டியிருக்கிறது, சாவி ஒருவரிடம், அவர் பிற்பகல் வருவார்.

இப்போது ஒரே பக்கம், ஒரே கோரிக்கை. தீர்மான வாசகத்தை நாங்களே எழுதிக் கொண்டுபோகிறோம். போன முறை அந்த வாசகத்தைச் சொல்லச் சொல்ல எழுதவைத்தது சுளவுப் பிள்ளைதான்: 'தேர்வு மற்றும் வேலை அறிவிப்புகளை வாரந்தோறும் வெள்ளிக்கிழமை பீடிக் கடை வாசல் பலகையில் ஊராட்சி ஒட்ட வேண்டும்.' நூலகத்தில் ஒட்டலாமே என்றார் ஒரு வார்டு உறுப்பினர். "நாங்க நூலகத்துக்கு வர மாட்டோம், பீடிக்கடைக்குத் தினம் போவோம்" என்று பின்னாலிருந்து அவள் அம்மா சொன்னாள். நிறைவேறியது. கூட்டம் கலைவதற்குள் தீர்மானப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், மறந்துவிடாதீர்கள். 17 வயது என்பதால் அந்தப் பிள்ளைக்குக் கையெழுத்து இல்லை. இப்போது அவளுக்கு 18 ஆகிவிட்டது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ நிரப்பிக் கொடுத்தாளா என்று அடுத்த சனிக்கிழமை போய்க் கேட்கவேண்டும்.